வெட்டி எடுத்த படம்

இறந்தவர்களுக்கு என்று தனியாகப் படம் இருப்பதில்லை.
எல்லாரும் ஏதோ ஒரு கல்யாணத்தில்
சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.
அங்கிருந்துதான் வெட்டி எடுக்கிறேன்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி.
பகலில் பாயான் லெப்பாஸ் ஆலையில் ஷிப்ட்,
இரவில் இந்த வேலை.
இரங்கல் அறிவிப்பு ஒன்றுக்கு நாற்பது வெள்ளி.
கேட்பவர் அழுதால் வாங்குவதில்லை.
பெரும்பாலும் அழுவதில்லை,
தட்டச்சு செய்கிறார்கள்.

பெயர், த/பெ, வயது,
வீட்டுக்கு வழிகாட்டும் சிவப்பு ஊசி,
எத்தனை மணிக்குப் பத்து லஞ்சாங்,
பெர்த்தில் இருக்கும் மகனுக்கு நேரலை இணைப்பு.
குத்துவிளக்கும் இரு பக்கம் மல்லிகையும்
வார்ப்பிலேயே வந்துவிடும்.
‘ஆழ்’ என்று தொட்டாலே
‘ந்த இரங்கல்’ என்று முடித்துத் தருகிறது கைப்பேசி.
என்னைவிட அதற்குப் பழக்கம்.

முன்பு சாவு மோட்டாரில் போகும்.
பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் ஃபெரி பிடித்து வந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நிற்பார்.
தண்ணீர் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.
நிற்கிற நிற்பிலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடும்.
இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.
ஒரு வீட்டுக்குச் சொல்ல விட்டுப்போய்
முப்பது வருஷம் பேசாமல் இருந்தவர்களும் உண்டு.
இப்போது யாரும் விடுபடுவதில்லை.
புலனத்தில் ஒரே நிமிடத்தில் இருநூற்றுப் பதினாறு பேர்,
வரிசையாகக் கும்பிட்ட மஞ்சள் கைகள்,
நடுவில் ஒருவர் பழக்கதோஷத்தில்
‘வாழ்த்துகள்’ போட்டு அழித்த தடம்.

வெட்டும்போது ஒரே ஒரு தொந்தரவு,
தோளில் ஒரு கை தங்கிவிடும்.
கைக்கு உரியவரை ஓரத்தோடு தள்ளினாலும்
நாலு விரல், ஒரு மோதிரம்,
சில சமயம் மருதாணி போன நகம்.
அண்ணே, அந்தக் கையை எடுத்துடுங்க, என்பார்கள்.
அதற்கும் கருவி வந்துவிட்டது.
விரலால் தேய்த்தால் போதும்,
கை போன இடத்தில் சட்டையை அதுவே நெய்துகொள்ளும்.

செவ்வாய்க்கிழமை பின்னிரவு ஒரு படம் வந்தது.
குணாளன் த/பெ சின்னப்பையா. ஐம்பத்து மூன்று.
பழுப்பு பாத்தேக் சட்டை, நெற்றியில் சந்தனம்,
தோளில் ஒரு கை.
மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.
ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை,
தொண்ணூற்று எட்டில் ஆலை மெஷின் எடுத்தது.
அந்த விரலால்தான்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயரைத் தேடினேன். இருந்தான்.
ஏழு வருஷத்துக்கு முன் நான் எழுதிய நாலு வரி,
பக்கத்தில் இரண்டு நீலக் குறி.
அன்றிரவு அவன் பெயருக்குக் கீழே
‘எழுதுகிறார்’ என்று வந்தது.
நின்றது. மறுபடி வந்தது.
அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
சார்ஜ் தீர்ந்து திரை கறுக்கும்வரை.
காலையில் ஒன்றும் இல்லை.

மகள் ஹேமலோசனி கேட்டிருந்தாள்:
அங்கிள், யாரோ ஒருத்தர் கை தெரியுது, எடுக்க முடியுமா?
முடியும்மா, என்று எழுதினேன்.

தேய்த்தேன்.
கருவி கொஞ்சம் யோசித்தது.
பிறகு அந்தச் சட்டையில் எப்போதுமே இல்லாத
மூன்று பூவும் ஒரு மொட்டும் போட்டது.
அனுப்பிய மறுநொடியே நாற்பது வெள்ளி வந்து சேர்ந்தது.
திருப்பி அனுப்ப என்ன காரணம் எழுதுவது?

பத்து லஞ்சாங்கில் அதை
ஆளுயரத்துக்கு அச்சடித்து வைத்திருந்தார்கள்.
வருகிறவர்கள் அந்தப் படத்தையே படமெடுத்து
வராதவர்களுக்கு அனுப்பினார்கள்.
யாரோ தண்ணீர் போத்தல் நீட்டினார்.
வேண்டாம் என்று தலையாட்டியபோதுதான் கவனித்தேன்,
ஹெல்மெட்டை நான் இன்னும் கழற்றவில்லை.